நீங்கள் வாங்காமலே போன சாண்டிங் மிஷின்

மாமா,

இன்று காலை உங்கள் வீட்டுக் கொல்லையில் கிளம்பிய நாற்றத்தை முதலில் வர்ணித்துவிடுகிறேன். பழைய லாரி டயருக்குள் செத்த பெருச்சாளியை வைத்துத் தைத்து, மேலே கழிவு ஆயிலை ஊற்றிக் கொளுத்தினால் ஒரு நாற்றம் வருமல்லவா? இதோடு ஒப்பிட்டால் அது பன்னீர். மலை மேல் இருக்கும் குரங்குகளெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு செங்கத்துக்குக் குடிபோயிருக்கும். 

நாறியது ஒரு பெல்ட் சாண்டர். உங்கள் அருமை மகன் பெங்களூரில் உட்கார்ந்தபடியே ஆன்லைனில் வாங்கி அனுப்பியது. உப்புத்தாள் பட்டை சுற்றிச் சுற்றி ஓட, மரம் வழவழவென்று ஆக வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் பட்டை ஒரு ஓரமாக நழுவி, தன் பிளாஸ்டிக் உடம்பையே அறுத்துத் தின்ன ஆரம்பித்தது. திருகைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவரலாம் என்று பார்த்தால் திருகு கையோடு வந்துவிட்டது. அடுத்து புகை. போனில் கேட்டால், உலகமே அதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறது என்கிறான் பையன். அந்த உலகத்துக்கு மூக்கே கிடையாது போல.

அந்த நாற்றத்தில் நிற்கும்போதுதான் உங்கள் முகம் வந்தது. ரோஜா மாலை போட்ட போட்டோவில் இருக்கிற சாந்தமான முகம் அல்ல. ஹார்டுவேர் கடையில் ஒரு மிஷினை முகர்ந்து பார்த்துவிட்டு, வேப்பெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி ஒரு முகம் வைப்பீர்களே, அது.

எனக்குத் தெரிந்து ஒரு பெல்ட் சாண்டர் வாங்குவதற்கு இத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட ஜீவன் மூவுலகிலும் நீங்கள் ஒருவர்தான். ராஜாக்கள் பெண்ணெடுக்கக் கூட இவ்வளவு தேசம் சுற்றியிருக்க மாட்டார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகலாம் வா மச்சான் என்று கூப்பிடுவீர்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்தியாக வருவேன். தேரடி வீதி தாண்டுவதற்குள் மூன்று கடைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். கையில் மஞ்சப்பை, அதற்குள் மிஷினை ஓட்டிப் பார்க்க ஒரு வேங்கை மரக் கட்டை. கூட்டத்துக்குப் பாதுகாப்பு நின்ற போலீஸ்காரர் ஒருமுறை பையைத் திறக்கச் சொன்னார். கட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த அருவருப்பை நான் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

கடைக்குள் நடப்பது அதைவிடக் கேவலம். டப்பாவைப் பிரித்தால் எடுத்துக்கணும் சார் என்பார் கடைக்காரர். ஓட்டிப் பார்க்காமல் வாங்க நான் என்ன மஞ்சள்தூளா வாங்குகிறேன் என்பீர்கள் நீங்கள். பிளக்கில் செருகி, கட்டையின் மேல் வைத்து, அழுத்தாமல் கையைச் சும்மா மேலே போட்டுக்கொண்டு நிற்பீர்கள். லேசான மிஷின் என்றால் குதிக்கும், நாம் அழுத்த வேண்டும், அழுத்தினால் பள்ளம் விழும். ஜாஸ்தி கனமானது என்றால் நம் வயசுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். தன் கனத்திலேயே உட்கார்ந்து தானாகத் தின்ன வேண்டும், அதுதான் மிஷின் என்பது உங்கள் கட்சி. பட்டையை இழுத்துப் பிடிக்கிற நெம்புகோலை நகத்தால் தட்டிப் பார்ப்பீர்கள். பிளாஸ்டிக் சத்தம் கேட்டால் "சீ" என்று ஒரே ஒரு எழுத்து. கடைக்காரர் கல்யாண மண்டபத்தில் செருப்பு தொலைத்தவர் போல நிற்பார்.

எல்லாம் தேறி வந்த ஒரு அழகான மிஷினையும் கழித்துக் கட்டினீர்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம் இருந்தது, தூள் பிடிக்கிற பை நல்ல துணி, சத்தமும் சன்னம். எனக்கு அங்கேயே கற்பூரம் காட்டத் தோன்றியது. நீங்கள் அதன் பட்டையை அளந்து பார்த்து, இந்த சைஸ் ஊரில் வேற எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டீர்கள். சென்னையிலிருந்து வரவழைக்கணும் என்றார் அவர். வெளியே வந்து டீ குடிக்கும்போது சொன்னீர்கள்: "மிஷின ஒரு வாட்டி வாங்கறோம் மச்சான். பட்டைய சாகற வரைக்கும் வாங்கணும்."

அப்படிச் சொன்ன மனிதர் பட்டையும் வாங்கவில்லை, மிஷினும் வாங்கவில்லை. போன தீபத்துக்கு என் பக்கத்தில் நின்றவர், இந்தத் தீபத்துக்கு இல்லை.

விட்டுப் போனது என்னவோ அந்தச் சாப்பாட்டு மேஜையை. யாரோ இடித்த வீட்டின் வேங்கை உத்திரத்தை அறுத்து, பலகை பலகையாக ஒட்டி, காலெல்லாம் ஆணியில்லாமல் சேர்த்து, அக்காவுக்கென்று செய்தீர்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார அவளுக்கு முட்டி விடவில்லை என்பதற்காக. மேல்பலகையை மட்டும் இழைத்ததோடு நிறுத்திவிட்டீர்கள். ஒட்டின இடமெல்லாம் மேடு பள்ளம். நல்ல மிஷின் வரட்டும், அதுவரை இதை எவனும் தொடக் கூடாது என்று ஆணை. நீங்கள் போன பிறகு அக்கா அதில்தான் சாப்பிடுகிறாள், பழைய பெட்ஷீட்டை மடித்துப் போட்டுக்கொண்டு. போன வாரம் துடைக்கும்போது சிலாம்பு உள்ளங்கையில் ஏறிவிட்டது. நான்தான் ஊசியால் எடுத்தேன். அவள் அழவில்லை. "போதும்டா, தம்பி சொன்னாப்ல மைக்கா ஒட்டிடலாம்" என்றாள். அவள் தம்பி என்பது உங்கள் மகனை. அவன் அங்கிருந்தே ஆளையும் பேசிவிட்டான். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

மைக்கா, மாமா! வேங்கையின் மேல் வேங்கை படம் போட்ட காகிதம்! பட்டுப்புடவை கட்டின பெண்ணுக்கு மேலே பட்டுப்புடவை பிரிண்ட் போட்ட பிளாஸ்டிக் பை மாட்டுவது போல! கேட்டதும் என் காதிலிருந்து புகை வந்தது. ஒரே ஒரு தவணை வாங்கினேன் அவளிடம். நாலு மணிக்குள் நான் பலகையைத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டால் மைக்கா வேண்டாம். இல்லையென்றால் அவள் இஷ்டம். அந்தத் தவணையில் பாதியைத்தான் மேற்படி ஐந்து நட்சத்திரம் தின்றுவிட்டது.

எனவே பட்டப்பகலில், மஞ்சப்பையோடும் கட்டையோடும், நான் தனியாகத் தேரடி வீதிக்குப் போனேன். அந்த மூன்று கடையில் நடுக்கடைக்காரர் பையைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா வரலிங்களா?"

வர மாட்டார் என்றேன். அவர் உள்ளே போய் ஒரு மிஷினை எடுத்து வந்து, நான் கேட்காமலே டப்பாவைப் பிரித்து, பிளக்கில் செருகினார். ரெண்டு பட்டையையும் பக்கத்தில் வைத்தார். "அவரு சீன்னு சொன்ன எதையும் அப்புறம் நான் ஆர்டர் போடறதில்லிங்க. இது மூணு இஞ்ச் பட்டை, இந்த வீதில நாலு கடைல கிடைக்குது. மோட்டாருக்குப் போடற கார்பன் பிரஷ்ஷும் வெச்சிருக்கேன். ஓட்டிப் பாருங்க."

பாருங்கள், ஊரெல்லாம் உங்களைக் கண்டு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையைச் சும்மா மேலே போட்டேன். மிஷின் உட்கார்ந்தது. பட்டை நடுவிலேயே ஓடியது. நெம்புகோல் இரும்பு. முகர்ந்து பார்த்தேன், புது மோட்டாருக்கு இருக்க வேண்டிய நாற்றம் மட்டும். ஊரிலேயே மலிவானது இல்லை, ஊரிலேயே உயர்ந்ததும் இல்லை. நடுவில் நிற்கிற ஒரு யோக்கியன். உங்கள் கண்ணில் படாமல் எங்கே ஒளிந்திருந்ததோ.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த கஷ்டம். புது மிஷினுக்குப் பொட்டு வைக்காமல் ஓட்டக் கூடாது என்றாள் அக்கா. வை என்றேன். நீ வைடா, நான் வைக்கக் கூடாது என்றாள். இன்று நான் முகர்ந்த எல்லா நாற்றத்திலும் பெரிய நாற்றம் அதுதான் மாமா. யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, வழக்கம்தானே என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நீங்கள் போன நாளிலிருந்து அவள் குங்குமச் சிமிழ் அலமாரி மேல்தட்டில் கவிழ்ந்து கிடக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவரு வாங்காம போன மிஷினு இது. நீ வெக்கலன்னா நான் ஓட்டமாட்டேன். மைக்காக்காரன் வந்து ஒட்டட்டும்" என்று சொல்லிவிட்டு, மிஷினைப் பலகை மேல் சாய்த்து வைத்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஸ்டூல் இழுக்கிற சத்தம். பிறகு சந்தனம் குழைக்கிற சத்தம். வெச்சிட்டேன் என்று குரல் வந்ததும் எழுந்து, பட்டையைப் பார்க்காமல், மிஷினைப் பலகையில் வைத்து சுவிட்சை அழுத்தினேன்.

அவள் மிஷின் உடம்பில் வைக்கவில்லை மாமா. பட்டையின் மேலேயே வைத்திருக்கிறாள், ஈரச் சந்தனமும் அதன் மேல் கட்டைவிரல் அகலக் குங்குமமும். உங்கள் வேங்கைப் பலகையில், ஒரு கோடியிலிருந்து நடு வரைக்கும், ரத்தக் களறியாக ஒரு கோடு இழுத்துவிட்டது மிஷின். நான் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாவெல்லாம் எழும்பியிருக்க வேண்டும். "அம்மிக்குக் கல்லு மேலதான வெப்போம்? வேலை செய்யற எடத்துலதான வெக்கணும்" என்றாள்.  

பட்டையை மாற்றிவிட்டுத் தேய்த்தேன். மரத்தின் ரேகை போன வாக்கிலேயே, ஓரிடத்தில் நிற்காமல், மேலே கையைச் சும்மா போட்டுக்கொண்டு. மேடெல்லாம் அடங்கியது. உள்ளேயிருந்து தேன் நிறத்தில் மரம் வந்தது, கன்னம் மாதிரி. நாலு மணிக்கு முன்பே முடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கோடு முழுசாகப் போகவில்லை. ரேகைக்குள் இறங்கிவிட்டது. இன்னும் தேய்த்தால் பலகை அங்கே குழிந்துவிடும்.

மைக்காக்காரர் மொபெட்டில் தகட்டைக் கட்டிக்கொண்டு சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கோட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் வியாபாரம் உதித்தது. இந்தக் கறையை மறைக்கத்தான் மைக்கா, அரை மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்று விளக்கினார். தீர்ப்பு சொல்ல வேண்டியவள் அக்கா. அவள் வந்து பலகையில் உள்ளங்கையை வைத்து, சிலாம்பு ஏறின அதே கையை, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் இழுத்தாள். சிவப்பு வந்த இடத்தில் கை மெதுவானது.

"இது கறை இல்லப்பா, நான் வெச்சது" என்றாள். "நீ டீ குடிச்சிட்டுக் கெளம்பு."

பெட்ஷீட்டை மடித்து உள்ளே வைத்துவிட்டாள். இப்போது எதிரில் உட்கார்ந்து வெறும் பலகையில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறாள். தட்டைக் கோட்டின் மேல் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் இந்தக் கோடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். துண்டு கட்டியும் பிரயோஜனம் இல்லை, மூக்கிலும் தொண்டையிலும் உங்கள் வேங்கைத் தூள் அப்பிக் கிடக்கிறது. வாயெல்லாம் துவர்ப்பு. வெந்நீர் வைத்துத் தருகிறேன், கொப்பளித்துத் துப்புடா என்கிறாள் அக்கா. காலையிலிருந்து கண்ணில் பட்ட எல்லாவற்றையும் காறித் துப்பியவன் நான். இதை மட்டும் விழுங்கிவிட்டேன், மாமா.