மாமன் வீட்டுப் புல்

அன்புள்ள மகன் ஜெயக்குமாருக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை சுஷ்மிதா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீ போனில் சொல்லும் “ம்” என்ற ஒற்றை எழுத்திலிருந்து நாங்களே புரிந்துகொள்கிறோம். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்வார், அதனால்தான் குவைத்துக்குத் திரும்பும் பார்த்தசாரதி கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அப்பா விஞ்ஞானி ஆகிவிட்டார். கடலைக்கொல்லை முழுவதையும் உழுது எலுமிச்சைப்புல் போட்டு, வாசனை எண்ணெய் எடுக்கப்போகிறாராம். வேளாண்மை அலுவலகத்துக்காரர்கள் வந்து படம் போட்டு விளக்கியபோது வடையைத் தின்றுவிட்டுத் தூங்கினவர்தான். கடப்பாக்கத்திலிருந்து என் தம்பி தீனதயாளன் சட்டையெல்லாம் புல் வாசனையோடு புது பைக்கில் வந்து இறங்கினான், அன்றைக்கே இவருக்கு ஞானம் வந்துவிட்டது. “உன் தம்பியே பண்ணிக்கினு கீறான், எனுக்கு இன்னா கொறச்சல்” என்றார். என்ன குறைச்சல் என்று அடுத்த வாரமே தெரிந்தது. எண்ணெய் என்றால் செக்குதானே என்று, தம்பி கொடுத்த புல்லைக் கட்டாகக் கட்டிக்கொண்டு, கருங்குழியில் நாம் கடலை ஆட்டும் நூர்முகமது செக்குக்கே போயிருக்கிறார். அவர், “அண்ணாத்த, இத்த பெரிய செம்புக் கொப்பரைல தண்ணியோட போட்டு ஆவி புடிக்கணும், செக்குல போட்டா சட்னிதான் வரும்” என்றாராம். அன்று முதல் ஊரில் உன் அப்பாவுக்குச் சட்னி என்று பெயர். இப்போது ரோஷமும் சேர்ந்துகொண்டது, விடுவாரா.

அந்த ஆவி பிடிக்கும் கொப்பரை என் தம்பியிடம்தான் இருக்கிறது. நாளைக்கு அவன் நம் புல்லை வாங்கிக்கொள்ளாவிட்டால் அதை மாடுகூட மோந்து பார்க்காது, கடலையும் கையில் இருக்காது. ஆனால் காட்டுப்பன்றியும் அதைத் தொடாதாம். இந்த வருஷம் நம் கடலையை நம்மைவிட அதிகம் தின்றது பன்றிதான். ஆகவே பாதி புல், பாதி கடலை என்பது என் எண்ணம். நான் சொன்னால் எடுபடாது. “பையன் ஒரு வார்த்த சொல்லட்டும், உழுதுடறேன்” என்று காத்திருக்கிறார். நீ போன் பண்ணி, மாமா முழு நிலத்திலும் போடச் சொன்னார் என்று சொல். மச்சான் பேச்சை நான் கேட்பதா என்ற வீம்பிலேயே பாதியோடு நிறுத்திக்கொள்வார்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். இதோடு வறுத்த வேர்க்கடலை வைத்திருக்கிறேன். அடுத்த வருஷமும் இது வேண்டுமென்றால் சீக்கிரம் போன் பண்ணு. நோய்நொடி இல்லாமல் நன்றாயிரு.

உன் அம்மா
வசந்தா

அண்ணா, மாமா கொடுத்த புல்லில் வேரோடு இருந்ததை அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்து, கிணற்றடியில் அப்போதே நட்டுவிட்டாள். நன்றாகப் பிடித்திருக்கிறது. எழுதாதே என்றாள்.