முத்திரை விழாத வில்லை

மார்ச் 4

படகுத்துறை டிக்கெட் கவுன்டரில் சில்லறை பிரிக்கும்போது மொட்டையாக ஒன்று. ஐந்து ரூபாய் நாணயத்தின் அதே அளவு, அதே கனம். இரண்டு பக்கமும் ஒரு எழுத்து இல்லை. யாரோ என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். என் காசைப் போட்டு ஈடுகட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இவரிடம் காட்டினேன். வேலை பார்த்த பட்டறை மூடியதிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருக்கும் மனுஷன் எழுந்து உட்கார்ந்தார். "லைட்டப் போடு."

மார்ச் 9

இவருக்கு வாய் ஓயவில்லை. இத்தனை வருஷம் தகடு வெட்டும் பிரஸ்ஸில் நின்றவர் அல்லவா.

"ஓரம் லேசா எழும்பியிருக்கு பாரு. தகட்டுலேருந்து வெட்டினதும் ஓரம் சப்பையா இருக்கும். அப்புறம் மெஷின்ல உருட்டி விளிம்பு எழுப்புவாங்க. அதுக்குப் பின்னாலதான் அச்சு. இது அச்சுக்கு டிமிக்கி குடுத்துட்டு வந்துருக்கு!"

தேய்த்த காசாக இருந்தால்? என்றேன்.

"தேய்ச்சா எடை குறையும், கீறல் தெரியும். பாரு, என் மண்டை மாதிரி மழமழன்னு இருக்கு."

அவர் சிரித்தார். நானும் அவர் கையிலிருந்த லென்ஸை வாங்கிப் பார்த்தேன்.

மார்ச் 10

இன்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 14

நாணயக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நிறுத்தார், காந்தம் வைத்தார், விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அசல்தாங்க. சந்தேகமே இல்ல."

இவர் முகத்தைப் பார்க்கணுமே.

ஆனால் அவர் சொன்ன விலைக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். "அச்சு விழாத வெறும் வில்லைங்க நாணயச்சாலையிலேருந்து அப்பப்போ தப்பி வெளிய வரும். பாதி அச்சு விழுந்திருந்தா விலையே வேற."

"நெட்ல லட்சம்னு போட்டிருக்கான். யார் காதுல பூ சுத்துற?"

"அது கேக்கற விலைங்க. எவனாவது குடுத்தானான்னு பாருங்க."

இவர் "திருட்டுப் பய"லில் ஆரம்பித்து வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திவிட்டார். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மார்ச் 22

ஏதோ ஏலக் கம்பெனியாம். போனிலேயே கிடக்கிறார். என்னவென்று கேட்டால், "முடியட்டும், சொல்றேன்."

மார்ச் 30

போச்சு. எல்லாம் போச்சு. பதிவுக் கட்டணமாம், சான்றிதழாம், வரியாம் — கேட்கக் கேட்கக் கட்டியிருக்கிறார். பட்டறை கடைசியாகக் கொடுத்த பணம் முழுக்க. வில்லையையும் கூரியரில் அனுப்பிவிட்டாராம். இப்போது அந்த நம்பர் எடுக்கவே இல்லை. ஏன்யா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? நான் என்ன செத்தா போயிட்டேன்?

இதை அவரிடம் கேட்கவில்லை. இங்கே எழுதுகிறேன், அவ்வளவுதான். அவர் முகத்தைப் பார்த்தால் எப்படிக் கேட்பது?

ஏப்ரல் 2

மறுபடியும் சுவர்.

ஏப்ரல் 6

போலீஸில் புகாரை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் நாணயக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்குக் கோபமே இல்லை. அதுதான் இன்னும் சுருக்கென்றது. "இதே மாதிரி எத்தனையோ பேரு வந்து அழுதிருக்காங்கம்மா. அந்தப் பணம் வராது. உங்க வீட்டுக்காரருக்கு நல்ல கண்ணு. ஞாயித்துக்கிழமை சில்லறை மூட்டை பிரிக்க ஆளில்ல. வரச் சொல்லுங்க."

பாதித் தூரம் ஓடியே வந்தேன்.

ஏப்ரல் 7

"அந்தாளு மூஞ்சியில எப்படி முழிப்பேன்? போ அந்தாண்ட."

அவ்வளவுதான் பதில். நேற்று எதற்காக அப்படி ஓடினேன்?

ஏப்ரல் 12

நானே போனேன். மூட்டையைக் கொட்டி, விளிம்பு பார்த்து, நிறுத்து, ஒதுக்கினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"வீட்லதான்."

அடுத்த ஞாயிறும் வரச் சொன்னார். சந்தோஷப்பட வேண்டியதுதான். பஸ்ஸுக்குக் கூட நிற்காமல் மெதுவாக நடந்தே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "எங்க போயிருந்த?" என்றார் இவர், சுவரைப் பார்த்தபடியே.

சொன்னால் அவருடைய இடத்தை நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகும். "சந்தைக்கு" என்றேன்.

என் கையில் பை கூட இல்லை. திரும்பினால்தானே அவருக்குத் தெரியும்.