அனுப்பச் சொல்ல மறந்த எண்

வியாழன், இரவு.

கம்யூனிட்டி வேலை செய்துவிட்டது! இன்றைக்கு எனக்குத் தூக்கம் வராது.

காலையில் வல்வெட்டித்துறையிலிருந்து மணியம் ஐயா எங்கள் நெல்லியடி இன்டர்நெட் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, பின்னேரம் மகள் லண்டன் மாப்பிள்ளையோடை முதல்முதல் வீடியோவிலை கதைக்கப்போறாள். உங்கடை லைனிலை ஆரோடை கதைச்சாலும் முகமெல்லாம் உறைஞ்சு நிக்குது.”

எங்களுக்குக் கொழும்பின் இரண்டு கம்பனிகளிடமிருந்து இரண்டு லைன்கள். பழையது நிரம்பி வழிகிறது. புதியது சும்மா கிடக்கிறது. இங்கிருந்து போகும் டேட்டாவை எந்த லைனுக்கும் நாங்களே திருப்பலாம். வரும் டேட்டாவின் வழியை வெளியில் இருப்பவர்கள்தான் தீர்மானிப்பார்கள். அதனால், ‘எங்களை இந்த வழியால் அடையலாம்’ என்று பழைய கம்பனிக்குப் போகும் எங்கள் முகவரி அறிவிப்பில் ஒரு எண்ணை ஒட்டினேன். அதைக் கண்டால் அவர்கள் அந்த வழியைக் கடைசித் தெரிவாக்க வேண்டும். அந்த எண்தான் கம்யூனிட்டி.

ஒன்றும் அசையவில்லை. மத்தியானம் வரைக்கும் அந்தக் கம்பனியைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசைச் சுதன் அண்ணை எழுந்துவந்து என் திரையைப் பார்த்தார்.

“எண்ணை எழுதியிருக்கிறாய். அதை அனுப்பச் சொல்லி ரவுட்டருக்குச் சொன்னனியோ?”

சொல்லவில்லை! ஒரே ஒரு வரி. அடித்தேன். சில நிமிடங்களில் திரையில் பழைய லைனின் நெரிசலைக் காட்டும் கோடு சரிந்தது, புதியது கிடுகிடுவென ஏறியது. கதிரையை விட்டுத் துள்ளிவிட்டேன்.

பின்னேரம் ஐயா திரும்பவும் எடுத்தார்.

“பிள்ளை, மாப்பிள்ளை சிரிக்கேக்கை கன்னத்திலை குழி விழுது! போட்டோவிலை உது தெரியேல்லை. அதைக் கண்டிட்டு மகளும் சிரிச்சிட்டாள்.”