பதினேழில் நிற்காதவன்

ரீமின் அம்மாவுக்கு,

சைப்ரஸில், நிகோசியாவில் உனக்கு அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்த உன் அண்ணனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, இங்கே பெய்ரூத்தில் மின்சாரம் இருந்தால், நீ நேரலையில் சீட்டுப் போடும் இணையச் சூதாட்ட மேசைக்கு வந்துவிடுகிறேன்.

பிளாக்ஜாக் விதிகளை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது. பதினேழு வந்துவிட்டால் இன்னொரு சீட்டு கேட்காமல் நின்றுவிடுவதுதான் புத்தி. நான் நிற்பதில்லை. நின்றால் நீ அடுத்தவனிடம் போய்விடுகிறாய். கேட்டால் என் பெயரைச் சொல்லி கேமராவைப் பார்க்கிறாய்.

என் பெயரை அபூ ரீம், ரீமின் அப்பா என்றுதான் அங்கே பதிந்திருக்கிறேன். பிறக்காமலே போன நம் மகளின் பெயர் நம் இருவருக்கு மட்டுமே தெரியும். அதைப் பார்த்ததும் நீ திடுக்கிடுவாய் என்று காத்திருந்தேன்.

"வாங்க அபூ ரீம், நல்லாருக்கீங்களா?" என்று எல்லோரிடமும் சிரிப்பதுபோலவே சிரித்தாய்.

நேற்றும் பதினேழில் சீட்டு கேட்டேன்.

"பதினேழு வச்சுக்கிட்டு யாராவது கேப்பாங்களா? உனக்குப் புத்தியே வராதா?" என்றாய். உடனே, "மன்னிச்சுக்குங்க" என்று திருத்திக்கொண்டாய்.

நீ போனதிலிருந்து, பதினான்கு மாதங்களாக, என்னிடம் யாரும் 'உனக்கு' என்று பேசியதில்லை.

இன்று அந்த மேசையில் வேறொரு பெண் இருந்தாள். அந்த ஒரு சொல்லுக்காகவா உன்னை மாற்றினார்கள்? எந்த மேசை என்று மட்டும் எழுது. இனி ஒழுங்காக ஆடுகிறேன்.

இன்னும் உன் கணவன்தான்.