தொண்ணூறு டிகிரி

ஜனவரி 9
மறுபடியும் அறுபது டிகிரியில் நின்றுவிட்டது. ஆறாவது முறை. எங்கள் குட்டிச் செயற்கைக்கோளுக்கு மேலே போனால் சாப்பாடு இந்தச் சூரியத் தகடுதான். மோட்டார் கிடையாது, ஒரே ஒரு ஸ்பிரிங் அதைத் தொண்ணூறு டிகிரிக்கு விரிக்க வேண்டும். தகடு மடங்கி விரியும் கீலை வடிவமைத்த மேதாவி நான். மார்ச் 14 ராக்கெட். அதை விட்டால் அடுத்த இடம் பதினோரு மாதம் கழித்துத்தான்.

ஜனவரி 10
கிரீஸை மாற்றினேன். ஐம்பத்தெட்டு. காலில் போட்டு மிதிக்கலாம் போலிருக்கிறது.

ஜனவரி 17
புது வெற்றிடச் சோதனைக் கலம் ஒன்று உள்ளே வர வழியில்லை என்று டெக்னீஷியன் டெல்பர்ட்டும் நானும் சோதனை மேசையை ஜன்னல் பக்கம் தள்ளினோம். கருங்கல். இடுப்பு போயிற்று.

ஜனவரி 20
திறந்தது! தகடு எடையே இல்லாததுபோல் மேசைக்கும் தனக்கும் நடுவே ஊதும் காற்று மெத்தையில் மிதந்து, முழுக்க விரிந்து, டக்கென்று பூட்டிக்கொண்டது. நான்கு முறை! முதலாளி கிரெட்சன் எல்லோருக்கும் பச்சை மிளகாய் பரிட்டோ வாங்கி வந்தாள். "நோரீன், இனிமே அதைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்!"

ஜனவரி 27
தொட்டுவிட்டேன். விசையை அளக்க ஸ்பிரிங்கைக் கழற்றினேன். காற்றைத் திறந்தேன். தகடு தானாக விரிந்தது. ஸ்பிரிங்கே இல்லாமல் — தொண்ணூறு.
மேசை சரிந்திருக்கிறது. நகர்த்திய பிறகு ரசமட்டம் வைத்துப் பார்க்கவே இல்லை. யார் பார்த்திருக்க வேண்டும்? நான்தான். விண்வெளியில் எந்தப் பக்கம்டி சரியும், முட்டாளே?

ஜனவரி 28
டெல்பர்ட்டிடம் மட்டும் சொன்னேன். "நீ சொல்லல, நான் கேக்கல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மேலே போனா ஒருவேளை தானா திறந்துக்குமோ?" என்றான். திறக்காது. அந்தக் குளிரில் இன்னும் இறுகும்.

ஜனவரி 29
கிரெட்சனிடம் சொல்லிவிட்டேன். "நம்ம ஒம்பது பேரோட ஒரு வருஷம் போகுது. தெரியுதா?" தெரியாமலா வாயைத் திறந்தேன்? "மட்டம் பாக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா, நோரீன்?" அவள் கத்தித் தொலைத்திருக்கலாம். கத்தாமல், ராக்கெட்டில் இடத்தை ரத்துசெய்ய எழுந்து போனாள்.

பிப்ரவரி 16
மட்டம் பார்த்த மேசையில் அறுபத்தொன்று. மதியம் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

மார்ச் 14
எங்கள் இடத்தில் வேறு யாருடையதோ போனது. எல்லோரும் டிவி பார்க்கப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. புதுக் கீல், இரண்டு ஸ்பிரிங். காற்றைத் திறந்தேன். எண்பத்து மூன்று.
பின்னால் கிரெட்சன் நின்றிருந்தது தெரியாது. ஆறு வாரமாக வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசாதவள். ரசமட்டத்தை எடுத்துத் தானே வைத்துப் பார்த்தாள். திருப்பி வைத்து இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.
"ஏழுதானே பாக்கி? தள்ளிக்கோ."
தள்ளிக்கொண்டேன்.