வாய்க்கட்டுப் போட்ட கத்தரிப் பாத்தி

இன்று காலை பிலிமத்தலாவை வீட்டுக் கொல்லையில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தேன். அடியில் மஞ்சள் முட்டைகள், நட்டு வைத்தாற்போல் நெருக்கமாக நின்றன. புள்ளி வண்டின் முட்டைகள். வேலைக்குப் போகிற அவசரத்தில் இருந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குந்திவிட்டேன். நீ இருந்தால் பெருவிரல் நகத்தால் ஒரே இழுப்பில் வழித்துப் போட்டிருப்பாய். "பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா பாரு, ஆபிசரம்மா" என்று எனக்கும் ஒரு குத்து விழுந்திருக்கும். நான் அந்த முட்டைகளைத் தொடவில்லை. உன்னிடம் பேசவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன்.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில், சுவர் ஒட்டிய இரண்டு காம்பரா அறைகளில் பிறந்தவர்கள் நாம். நான் உன்னைவிட நாலு மாதம் மூத்தவள். அந்த நாலு மாதத்தை வைத்துத்தான் உன் மகள் என்னைப் பெரியம்மா என்கிறாள். நான் படித்து, கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ கொழுந்தெடுத்தாய். பிறகு பற்றை மண்டிக் கிடந்த துண்டுக் காணியைத் திருத்திப் போஞ்சியும் கத்தரியும் போட்டாய். இருபது வருடம் முதுகில் டாங்கியைச் சுமந்து மருந்தடித்தாய். பூச்சியைக் கொல்லும் நஞ்சுக்கு நம் சனங்கள் வைத்திருக்கும் பெயர் மருந்து. அந்தப் பெயரைப் பற்றி நீயோ நானோ ஒருநாளும் யோசித்ததில்லை.

எங்கள் ஆய்வுகூடத்தில் செய்த புதிய தெளிப்பைப் பற்றி முதலில் உன் அடுப்படியில்தான் சொன்னேன். நீ ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாய்.

"வண்டு உடம்புக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒன்னு இருக்கு. இன்னது செய்யின்னு கட்டளை கொண்டுபோறது. நாங்க இலையில அடிக்கிறதும் ஒரு ஆர்.என்.ஏ.தான். வண்டு இலையோட சேத்து அதத் தின்னா, உள்ள போற கட்டளை அழிஞ்சிரும். தின்கிறத நிறுத்திரும், கொஞ்ச நாள்ல செத்துரும். தேனீக்கு ஒன்னும் ஆகாது. வெயில்லயும் மழையிலயும் அதுவும் கரைஞ்சு போயிரும்."

நீ ரொட்டியைப் புரட்டிப் போட்டுவிட்டுச் சொன்னாய். "அப்ப வாய்க்கட்டுன்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நம் தோட்டத்துக் கோவில் பூசாரி பன்றியும் முள்ளம்பன்றியும் மரக்கறிப் பாத்திக்கு வராமலிருக்க வாய்க்கட்டுப் போடுவாரே, அதைத்தான் சொன்னாய். தலைக்குக் குளித்து, வெறுங்காலோடு, யாருடனும் ஒரு வார்த்தை பேசாமல் நாலு மூலைக்கும் மந்திரித்த தண்ணீரைத் தெளிப்பார். காலில் செருப்பிருந்தாலும் வாய் திறந்தாலும் கட்டு அவிழ்ந்துவிடும் என்பார்கள். இத்தனை வருடம் படித்த எனக்கு இவ்வளவு பொருத்தமான சொல் வராமல் போய்விட்டதே என்று சந்தோசமாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. "ஆமாடி, வாய்க்கட்டேதான்" என்றேன். நான் செய்த பிழை அங்கே தொடங்கியது.

உன் கத்தரிப் பாத்தியைச் சோதனைக்கு எடுத்தோம். மூன்று நிற நாடா ஒட்டிய போத்தல்கள் கொண்டுவந்தேன், சிவப்பு, மஞ்சள், நீலம். ஒன்றில் எங்கள் ஆர்.என்.ஏ., ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வழக்கமான மருந்து. எந்த நிறத்தில் எது என்ற பட்டியல் மேலதிகாரியின் அலுமாரிக்குள் பூட்டியிருந்தது.

"எது எதுன்னு உனக்குத் தெரியக் கூடாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சா நம்ம கை ஒரு பக்கம் சாயும், சோதனை கெட்டுப்போயிரும்" என்றேன்.

"கெட்டா?"

"கெட்டா பழையபடி மருந்துதான்."

நீ அதை மனதில் வாங்கிக்கொண்டதை உன் முகத்தில் பார்த்தேன். ஆனால் மூன்றில் ஒன்று மருந்தென்று நான் சொல்லவில்லை. மூன்றுக்கும் கையுறையும் பூட்ஸும் முகமூடியும் கட்டாயம் என்று அச்சடித்த தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். தாள் சிங்களத்தில் இருந்தது. உனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அதைத் தமிழில் சொல்லவேண்டியவள் நான். உன்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே அதை விட்டுவிட்டேன்.

முதல் தெளிப்பு நாளில் கண்டியிலிருந்து வந்த பஸ் கம்பளையில் பழுதாகி நான் சுணங்கிவிட்டேன். மேலே ஏறி வந்து பார்த்தால் நீ ஆரம்பித்துவிட்டாய். தலைக்குக் குளித்திருந்தாய், ஈரக் கூந்தலில் முடிச்சு. வெறுங்கால், வெறுங்கை. நாங்கள் கொடுத்த பூட்ஸ் வேலியோரம் சோடியாக நின்றது. "ஏய்!" என்று நான் கூப்பிட்டதற்கு நீ விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தாய்.

அப்போது நான் ஓடிவந்து உன்னை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் வரிசைகள் ஏறுக்கு மாறாகும், முதல் நாளே எல்லாம் பாழ் என்று நினைத்தேன். அது பாதி உண்மை. நான் செய்ததொன்றை நீ இவ்வளவு பக்தியோடு தெளிப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, அது மற்றப் பாதி. வேலியோரம் நின்று படம்கூடப் பிடித்தேன். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. செம்மண்ணில் உன் ஈரக் காலடிகள் வரிசை வரிசையாகத் தெரியும். அதன்பிறகு இன்னும் மூன்று தெளிப்பு நடந்தது. மூன்றிலும் அதே வெறுங்கால், அதே மௌனம். எனக்கும் அது பழகிவிட்டது.

சிவப்பு நாடா வரிசைகளில் வண்டுகள் இலையைத் தின்னாமல் சும்மா உட்கார்ந்திருந்ததை முதலில் கண்டவள் நீதான். "வாங்க ஆபிசரம்மா, வந்து பாருங்க! கட்டு விழுந்திருச்சு" என்று போனிலேயே கத்தினாய். பட்டியலை வெளியே எடுத்தபோது சிவப்புத்தான் எங்களுடையது. நீலம் தண்ணீர். மஞ்சள் மருந்து. மேலதிகாரியின் மேசைக்கு முன்னால் எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். எனக்கு மட்டும் வேலியோரம் சோடியாக நின்ற உன் பூட்ஸ் நினைவுக்கு வந்தது.

சில மாதம் கழித்து உன் கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். நீ என்ன வேலை செய்தாய் என்று கேட்ட டொக்டர் தலையை ஆட்டினார். "இவ்வளவு வருசம் அடிச்ச மருந்து, சும்மா விடுமா?" என்றார். இருபது வருடத்துக்குப் பக்கத்தில் என்னுடைய நாலு காலைகள் எம்மாத்திரம் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் சரியான விடை. அந்த விடை எனக்கு ஆறுதல் தரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இன்று சொல்லிவிடுகிறேன், இன்று சொல்லிவிடுகிறேன் என்று எத்தனை நாள் வந்தேன். நீ நாற்றுக்குத் தண்ணீர் விட்டார்களா என்று கேட்பாய். நானும் விட்டார்கள் என்பேன். அப்படியே போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நீ என்னை விடவில்லை. ஆய்வுகூடத்தில் தரை கழுவிய ஈரத்தில் யாருடைய காலடியோ பதிந்திருக்கும். எனக்கு அது பூட்ஸ் தடமாகத் தெரியாது, உன் வெறுங்காலாகத் தெரியும். சோதனைக் குழாய்களில் தண்ணீர்போல் நிற்கும் ஆர்.என்.ஏ.வைக் கையில் எடுத்தால் எனக்குப் பின்னால் ஒருத்தி உதட்டில் விரலை வைத்தபடி நிற்பாள். திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கும்.

போன ஞாயிறு உன் வருடத் திதிக்கு வந்தேன். எல்லாரும் போன பிறகு உன் மகள், இந்தப் போகம் அவளே கத்தரி போடப் போவதாகவும் எங்கள் தெளிப்பைத் தரமுடியுமா என்றும் கேட்டாள். எனக்கு அழுகை வெடித்துவிட்டது. தாளைப் பற்றி, பூட்ஸைப் பற்றி, மஞ்சள் போத்தலைப் பற்றி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவள் திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று காத்திருந்தேன்.

"அம்மாவுக்குத் தெரியும் பெரியம்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மஞ்சதான் மருந்துன்னு. மொத நாளே விரல் நுனியெல்லாம் விறுவிறுன்னு எரிஞ்சிச்சாம். இருவது வருசம் அடிச்ச கைக்குத் தெரியாதான்னு சொன்னாங்க."

"பிறகு ஏன் கிளவுஸ் போடல?"

"மஞ்சளுக்கு மட்டும் போட்டா நீங்க கண்டுபிடிச்சிருவீங்களாம். தெரிஞ்சா சோதனை கெட்டுப்போயிரும்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

"மூணுக்கும் போட்டிருக்கலாமே!"

"நானும் அதத்தான் கேட்டேன். மொத நாளு போடாதவ ரெண்டாம் நாளு போட்டா பெரியம்மா என்னன்னு கேப்பா, அவகிட்ட எனக்குப் பொய் சொல்ல வராதுன்னாங்க. இது கெட்டா பழையபடி மருந்துதானாம், இன்னும் எத்தன பொம்பளைங்க இந்த டாங்கியத் தூக்குறதுன்னு கேட்டாங்க."

நான் பஸ்ஸில் எப்படி ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று நினைவில்லை. அடி பாவி! நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இவ்வளவையும் உன் கைக்குள்ளேயே வைத்திருந்தாயே. உன்மேல் எனக்கு வரும் கோபத்தை இறக்கி வைக்க ஓரிடம் இல்லை.

மறுபடி வந்து உன் மகளுக்கு எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொடுத்தேன், பூட்ஸையும் கையுறையையும் என் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொன்னேன். ஆனால் எங்கள் அறிக்கையில், நான் எழுதி நான் கையெழுத்திட்ட ஒரு வரி இருக்கிறது: "எந்தப் போத்தலில் எது உள்ளது என்பதைத் தெளித்தவர் அறிந்திருக்கவில்லை." அதைத் திருத்தினால் உன் பாத்தியின் முடிவைச் செல்லாதென்று தள்ளிவிடுவார்கள். நீ எதற்காக எரிந்த கையோடு வாயை மூடிக்கொண்டிருந்தாயோ அது வீணாகிப் போகும். திருத்தாவிட்டால் நீ ஒன்றும் தெரியாத ஒருத்தியாகவே அந்தத் தாளில் இருப்பாய். மூன்று நாளாக அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். சொல்லடி, நான் என்ன செய்ய?