கறுத்த கல்லும் உன் கையெழுத்தும்

ஊர்காவற்றுறை

அன்புள்ள மகன் ஜெனோசனுக்கு,

கானாவில் நீ மாதாவின் காவலில் சுகமாக இருக்க வேண்டும் என்று மன்றாடிக்கொண்டு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. எனக்கு எழுத்துப் பிடிபடாததால் நான் சொல்லச் சொல்லத் தங்கச்சி பிரேமினி எழுதுகிறாள். லீவு முடிந்து உன் பொன் சுரங்கத்துக்கே வேலைக்குத் திரும்பும் காரைநகர் றஜீபனிடம் கொடுத்துவிடுகிறோம். சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது, அப்பா கடலுக்குப் போகிற நாளிலும் வெறும் வலையைக் கழுவிக் காயப்போடுவதுதான் வேலை. களைத்துப் போனோம் மகன்.

அன்றைக்கு நான் கத்திவிட்டுப் போனை வைத்ததற்குக் கோவிக்காதே. பொன் எடுக்கிற தண்ணீரில் சயனைட் கலக்கிறோம் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். எங்கள் சண்டைக் காலத்தில் அந்தச் சொல் குப்பியாகக் கழுத்தில் தொங்கினது. இயக்கத்துக்குப் போன உன் பெரிய மாமா அதைக் கட்டிக்கொண்டு வந்து, இங்கே சோறு தின்றுவிட்டுப் போனவர், பிறகு வரவில்லை. எனக்கு உன் கழுத்துத்தான் கண்ணுக்குள் வந்தது. அப்பாதான், விசரி, அது கல்லில இருக்கிற பொன்னைக் கரைக்கிற மருந்து, பிள்ளை அதைக் குடிக்கவோ போறான்? என்று ஏசினார்.

அதன் பிறகு நீ போனில் எழுதி அனுப்பியதையெல்லாம் பிரேமினி வாசித்துக் காட்டினாள். புதுக் குழியில் வெட்டின கல் வந்த பிறகு பொன் குறைந்துவிட்டதாம், நீ சரியாக அரைக்கவில்லை என்று மேலாளர் சொல்கிறாராம், இன்னும் மாவாக அரைத்தால் இன்னும் குறைகிறதாம். பிழை என்னுடையது என்று கையெழுத்து வைத்தால் வேலை இருக்கும், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு அனுப்புவார்களாம். வைக்கட்டா என்று கேட்டிருக்கிறாய்.

அதிலிருந்து, இரசாயனம் படிக்கிற இவள் புத்தகத்தை விட்டு எழும்பவில்லை. பொன் கல்லில் தனியாகக் கிடந்தால் அளவாக அரைத்தால் போதுமாம், மருந்துத் தண்ணீர் போய்த் தொட்டுக் கரைத்துவிடும். சில கல்லில் அது மினுங்குகிற கந்தகக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொட்டாகப் புதைந்திருக்குமாம், மாவாக அரைத்தாலும் தண்ணீர் உள்ளே போகாது. நீ அனுப்பிய படத்தில் கறுத்த கோடுகளும் இருக்கின்றன, அது கரியாக இருந்தால் அரைக்க அரைக்கக் கரிதான் வெளியே வந்து, கரைந்த பொன்னையும் திருப்பிப் பிடித்துக்கொள்ளுமாம். எனக்குப் பாதிதான் விளங்கியது. அப்ப உன்ர அண்ணரில பிழை இல்லையோடி என்று கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கல்லை வெட்டி நுணுக்குக்காட்டியில பாக்காமல் ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது அம்மா என்றாள்.

அப்பா, வைக்கட்டும், வேலை முக்கியம் என்கிறார். கடல் அவரை அப்படிச் சொல்ல வைக்கிறது. நான் சொல்கிறேன், வைக்காதே. முதலில் கல்லைப் பாருங்கள், பிழை என்னில் என்றால் வைக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லு. அதற்கும் அனுப்பினால் வா. வந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது, தெரியும் என்று உனக்குப் பொய் சொல்லவும் மாட்டேன்.

கையுறை போடாமல் அந்தத் தண்ணீருக்குக் கிட்டப் போகாதே, சாப்பிட முதல் கையை இரண்டு தரம் கழுவு. ஆண்டவர் உன்னை ஆசீர்வதித்து உன் போக்கிலும் வரவிலும் கூட வருவாராக.

இப்படிக்கு,
உன் அம்மா மேரிறோஸ்
அப்பா குருசுமுத்து

அண்ணா, முடித்து வாசித்துக் காட்டினேன். அப்பா என்னிடம் பேனையை வாங்கி, அம்மாவின் பெயருக்குக் கீழே தன் பெயரை அவரே எழுதினார். பிரேமினி.